நின்ற சக்கரத்தின் அடி

நெட்டை, தொழிற்சாலை கேட்டைத் தாண்டிக் கால் வைத்தபோது, ஜெனரேட்டர்காரரின் இரண்டாவது பல் தரையில் விழுந்தது. முதல் பல் எப்போது விழுந்தது என்று விசாரிக்க நேரமில்லை. மூன்றாவதைக் காப்பாற்றியாக வேண்டும்.

இருபது பேர் வளைத்து நின்றார்கள். நடுவில், ஜெனரேட்டர் கொட்டகையின் இரும்புத் தூணோடு அந்த மனிதரை நைலான் கயிற்றால் கட்டியிருந்தார்கள். ஐம்பது வயது, ஒல்லியான உடம்பு, வெறும் பனியன். பனியனின் வெள்ளை நிறம் தோளில் மட்டும்தான் மிச்சம் இருந்தது. மற்றதெல்லாம் சிவப்பு. ஒருவன் இடுப்பு பெல்ட்டை உருவிக் கையில் சுற்றியிருந்தான். இன்னொருவன் கையில் ஒரு முழ நீளத்துக்குக் குழாய்த் துண்டு.

"வழி விடுங்கப்பா, வழி விடுங்க! பின்னாடி வர்றவங்களுக்கு உயரம் கம்மி, மிதிச்சிடாதீங்க!" என்று கத்திக்கொண்டே நெட்டை கூட்டத்தைப் பிளந்தான். ஆறடி இரண்டங்குல உடம்பு, பன்னிரண்டு வருஷம் லாரி ஓட்டிய தோள். தூணுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் போய் நின்றான். அதே சமயம் குழாய் இறங்கியது. தலைக்கு வந்ததை முன்னங்கையில் வாங்கிக்கொண்டான். எலும்புக்குள் மணி அடித்தது.

"யோவ், இது நான்யா! அவரு பின்னாடி இருக்காரு!"

குழாய்க்காரன் ஒரு கணம் குழம்பினான். அந்த ஒரு கணம் போதுமாக இருந்தது. நெட்டை குழாயைப் பிடுங்கிக் கொட்டகைக் கூரைமேல் எறிந்தான்.

அவனுக்குப் பின்னால் பாய்லர் மேடம் வந்து சேர்ந்தாள். நாலடி பத்தங்குலம், தடித்த கண்ணாடி, கையில் ஒரு துணிப்பை. பதினெட்டு வருஷம் தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய் பாய்லர்களைச் சோதித்தவள். வெடித்த பாய்லர்களில் எது தானாக வெடித்தது, எதை யார் வெடிக்க வைத்தார்கள் என்று சொல்லிச் சொல்லிப் பெயர் வாங்கி, கடைசியில் அந்த வேலையை விட்டுவிட்டுப் பக்கத்துத் தெரு மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தவள். மேஜை அவளுடையது, பேச்சு நெட்டையுடையது என்று தெருவில் சொல்வார்கள்.

அவள் கையைப் பற்றிக்கொண்டு மூச்சிரைக்க நின்றவள் ஜெனரேட்டர்காரரின் மனைவி. பத்து நிமிஷத்துக்கு முன் செருப்புகூட இல்லாமல் மாடி ஏறி வந்து, "என் வீட்டுக்காரரைக் கொல்றாங்க, வாங்க" என்று மட்டும் சொன்னவள். இப்போது புருஷனின் முகத்தைப் பார்த்ததும் அதுகூட வரவில்லை.

"யாரு செத்தது?" என்றாள் மேடம்.

"எங்க ஃபோர்மேன்!" பெல்ட்காரன் கத்தினான். "இந்த ஆளு ஜெனரேட்டரைப் போட்டுக் கொன்னுட்டாரு!"

"எத்தனை மணிக்கு?"

அந்தக் கேள்வியை அங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை. அடிக்கிறவர்கள் மணி பார்ப்பதில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் தண்ணீர்ப் பாட்டிலோடு வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, மெல்லிய குரல். "நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன் மேடம். யாரும் கேக்கற நிலையில இல்ல. போலீஸுக்குச் சொல்லியாச்சு, முக்கால் மணி நேரம் ஆகும்னாங்க."

அவரை எல்லாரும் மாப்பிள்ளை என்றே அழைத்தார்கள். முதலாளி படுத்த படுக்கையாகி வருஷம் ஒன்றாகிறது. மகளைக் கட்டியவர் தொழிற்சாலையையும் பார்த்துக்கொண்டார். பெயின்ட் டப்பாவுக்கு மூடி அடிக்கும் தொழிற்சாலை. தகட்டை வைத்தால், மேலேயிருந்து அச்சு இறங்கி மூடியாக்கித் தள்ளும். அப்படி ஆறு பிரஸ்கள்.

"பதினோரு மணிக்குக் கரண்ட் போச்சு" என்றார் மாப்பிள்ளை. "எல்லாரும் முற்றத்துக்கு வந்துட்டாங்க. ஃபோர்மேன் மட்டும் உள்ள இருந்தாரு. கரண்ட் போனா ஒண்ணாம் நம்பர் பிரஸ்ஸுக்குப் பின்னாடி போய் குனிஞ்சு, அச்சுக்கு அடியில சிக்கின மூடியெல்லாம் எடுப்பாரு. அது அவரு வழக்கம். நான் ஆபீஸ்ல இருந்து கரண்ட் ஆபீசுக்குப் போன் பண்ணினேன். தெரு முழுக்கக் கட், பத்து நிமிஷத்துல வந்துடும்னாங்க. போனை வெக்கல, அதுக்குள்ள அந்தச் சத்தம். இவரு யாரையும் கேக்காம ஜெனரேட்டரைப் போட்டிருக்காரு மேடம். மெஷின் ஓடி, அச்சு இறங்கி..." அவர் கண்களை மூடிக்கொண்டார்.

"ஜெனரேட்டர் ஓடின சத்தத்தை யாரெல்லாம் கேட்டீங்க?" மேடம் கூட்டத்தைப் பார்த்தாள்.

பத்துக் கைகள் உயர்ந்தன.

"நீங்க கேட்டீங்களா, உங்க காதால?"

"இவன் சொன்னான்."

"நீங்க?"

"எனக்கு அவர் சொன்னாரு."

"அவரு?"

"பின்னாடியிருந்து யாரோ கத்தினாங்க, 'ஜெனரேட்டரைப் போட்டுட்டான்டா'ன்னு."

"ஊரே கேட்ட சத்தத்தை ஒரு காதும் கேக்கல" என்றான் நெட்டை. யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கும் கை வலித்தது.

மேடம் கொட்டகைக்குள் நுழைந்தாள். ஜெனரேட்டர் கரிபிடித்துப் போய் யானைக்குட்டி மாதிரி நின்றது. அதன் சைலன்சர் குழாய்மேல் ஒரு நீலச் சட்டை தொங்கியது.

"நெட்டை, அந்தக் குழாயைத் தொடு."

"நானா? மேடம், லாரி சைலன்சர்ல கை வெச்சு என் உள்ளங்கை ரேகையெல்லாம் ஒருதடவை அழிஞ்சே போச்சு. ஜோசியக்காரனே திருப்பி அனுப்பிட்டான்."

"தொடு."

பல்லைக் கடித்துக்கொண்டு தொட்டான். பிறகு முழு உள்ளங்கையையும் வைத்தான். பிறகு கன்னத்தையே வைத்தான். "ஜில்லுன்னு இருக்கு."

"சட்டை?"

பிழிந்தான். தண்ணீர் சொட்டியது. "இப்பதான் அலசின மாதிரி இருக்கு."

"காலையில டீசல் கொட்டிடுச்சுன்னு துவைச்சுப் போட்டாரு" என்றாள் மனைவி. அவளுக்குக் குரல் திரும்பியிருந்தது. "எப்பவும் அங்கதான் போடுவாரு. ஜெனரேட்டர் ஓடினா காஞ்சிடும்னு."

மேடம் சட்டையை எடுத்துப் பெல்ட்காரன் முகத்துக்கு நேராக விரித்துப் பிடித்தாள். "டீசல் எரிஞ்சா பாதி சக்தி கரண்டா வரும்னுகூடச் சொல்ல முடியாது. பெரும்பாதி சூடாத்தான் போகும், இந்தக் குழாய் வழியா. அஞ்சு நிமிஷம் ஓடியிருந்தாகூட இந்தச் சட்டை இஸ்திரி போட்ட மாதிரி காஞ்சிருக்கும். பத்து நிமிஷம் ஓடியிருந்தா ஓட்டை விழுந்திருக்கும். இது ஈரம் சொட்டுது. இந்த ஜெனரேட்டர் இன்னிக்கு ஓடவே இல்ல."

பெல்ட்காரனின் கை தானாகக் கீழே இறங்கியது. யாரோ போய்க் கயிற்றை அவிழ்த்தார்கள். ஜெனரேட்டர்காரர் அப்படியே சரிந்து மனைவியின் மடியில் விழுந்தார். ஏதோ சொல்ல முயன்றார். வீங்கிய உதடுகளிலிருந்து ரத்தம்தான் வந்தது.

"அப்போ மெஷின் எப்படி அடிச்சுதாம்?" கூட்டத்தில் ஒருவன் கேட்டான். "கரண்டும் இல்ல, ஜெனரேட்டரும் இல்ல. பேயா வந்து அடிச்சுது?"

"நல்ல கேள்வி. வாங்க, கேட்டுடலாம்" என்று உள்ளே நடந்தாள் மேடம்.

பிரஸ் கூடத்தில் எண்ணெய் வாடையும், அதற்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தன. ஒன்றாம் நம்பர் பிரஸ்ஸின் பின்புறம் தார்ப்பாய் போர்த்தி வைத்திருந்தார்கள். தார்ப்பாய்க்கு வெளியே இரண்டு பாதங்கள். ஒன்றில் செருப்பு இருந்தது, இன்னொன்றில் இல்லை. நெட்டை லாரி ஓட்டிய காலத்தில் சாலையில் நிறையப் பார்த்திருக்கிறான். ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பிரஸ்ஸின் அமைப்பு எளிமையானது. பின்புறம் மேலே, ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புச் சக்கரம். மோட்டார் அதைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். முன்னால், தரையோடு ஒரு பெடல். பெடலை மிதித்தால் சுழலும் சக்கரம் அச்சைப் பிடித்து ஓங்கி இறக்கும். மிதிக்காவிட்டால் சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்.

"நாங்க ஓடி வந்து பார்த்தப்ப சக்கரம் நின்னுட்டிருந்துச்சு" என்றான் பெல்ட்காரன். "அசையவே இல்ல. பெடல் சிக்கியிருந்தாக்கூட நின்ன சக்கரம் எப்படி அடிக்கும்? அதான் ஜெனரேட்டரைப் போட்டு நிறுத்தியிருக்கான்னு..."

"நின்னுட்டிருந்துச்சா?" மேடத்தின் கண்கள் கண்ணாடிக்குப் பின்னால் சுருங்கின. "நல்லாப் பார்த்தியா?"

"சத்தியமா."

"இப்போ கரண்ட் இருக்குல்ல? ரெண்டாம் நம்பரைப் போடு."

ரெண்டாம் நம்பர் பிரஸ் உறுமியது. சக்கரம் மெல்ல வேகம் பிடித்துக் காற்றை அறுத்தது. கழித்துப் போட்ட மூடிகளில் பத்தை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சுக்கு அடியில் அடுக்கினாள் மேடம். பிறகு சுவிட்சை அணைத்தாள். மோட்டார் சத்தம் அடங்கியது. சக்கரம் மட்டும் சுற்றியது.

"நெட்டை, ரெண்டு நிமிஷம் ஓடற மாதிரி ஒரு ஜோக் சொல்லு."

"இப்பவா?"

"இப்பதான்."

செத்த மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அடிக்க வந்த இருபது பேருக்கு முன்னால், நெட்டை தன் மாமனார் முதல் தடவை லிஃப்டில் ஏறிய கதையைச் சொன்னான். ஒவ்வொரு மாடியிலும் மாமனார் இறங்கி, அங்கே இருந்தவர்களிடமெல்லாம் விடைபெற்றுக்கொண்டு மறுபடி ஏறினார். ஐந்தாம் மாடிக்கு வரும்போது கூட்டத்தில் ஒரு ஆள்கூடச் சிரிக்கவில்லை. சக்கரம் சோம்பலாக, ஆரக்கால்களை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் போல, இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

"கரண்ட் போய் ரெண்டு நிமிஷம் ஆச்சு" என்றாள் மேடம். "இந்தச் சக்கரத்துல பலம் இருக்கா?"

"ஏது பலம்? சும்மா சுத்துது" என்றான் ஒருவன்.

மேடம் ஒரு நீளக் கழியால் பெடலை அழுத்தினாள்.

தகரக் கூரையே பெயர்ந்து விழுந்தது போல் ஒரு சத்தம். நாலு பேர் பின்னால் பாய்ந்தார்கள். அச்சு இறங்கிய வேகத்தில் பத்து மூடிகளும் ஒரே தட்டாக நசுங்கின. அச்சு தள்ளாடிக்கொண்டு மேலே ஏறியது. சக்கரம் அத்தோடு நின்றது. அசையவே இல்லை.

"தொட்டுப் பாரு."

பெல்ட்காரன் நசுங்கிய தகட்டைத் தொட்டான். வெடுக்கென்று விரலை இழுத்துக்கொண்டான். "சுடுது."

"கரண்ட் சுழற்சியாச்சு. சுழற்சி அடியாச்சு. அடி சத்தமாச்சு, மிச்சம் சூடாச்சு. எதுவும் எங்கேயும் காணாமப் போகல. உருவம்தான் மாறுது. மோட்டார் இல்லாத சக்கரத்துல ஒரே ஒரு அடிக்குத்தான் மிச்சம் இருந்துச்சு. அதை அடிச்சுட்டு நின்னுடுச்சு. நீங்க பார்த்த நின்ன சக்கரம் இதுதான்." மேடம் கழியைக் கீழே போட்டாள். "ஃபோர்மேன் அனுபவசாலி. சக்கரம் சுத்துதுன்னு அவருக்குத் தெரியும். பெடலை மிதிக்க ஆளில்லைன்னுதான் குனிஞ்சாரு. பின்னாடி குனிஞ்சா முன்னாடி யாரு நிக்கறாங்கன்னு தெரியாது. யாரோ மிதிச்சிருக்காங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அவள் செய்த தவறு அவளுக்கே புரிந்தது. நெட்டைக்கும் புரிந்தது. இருபது தலைகள் ஒரே பக்கம் திரும்பின.

சுவரோரம் ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்கும். வலது கையில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் மட்டும்தான் இருந்தன. ஒன்றாம் நம்பர் பிரஸ் அவளுடையது. ஒன்றாம் நம்பர் அக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். ஆறு மாசத்துக்கு முன்னால் அந்த பிரஸ்ஸிலிருந்து கம்பித் தடுப்பைக் கழற்றச் சொன்னது யார் என்று யாருக்கும் தெளிவாகத் தெரியாது. கழற்றியது ஃபோர்மேன். தடுப்பு போன ரெண்டாம் நாள் மூன்று விரல்கள் போயின. அன்றிலிருந்து ஃபோர்மேன் எதிரே வந்தால் அக்கா தரையில் துப்புவாள்.

"இவதான்டா!"

"முற்றத்துல இவளைப் பார்த்தீங்களாடா யாராவது?"

ஒரு கை அவள் தலைமுடியைப் பற்றியது. அவள் கீழே விழுந்தாள். ஒரு கால் அவள் விலாவில் இறங்கியது. நெட்டை இரண்டு பேரைச் சட்டைக் காலரோடு தூக்கி ஒருவர்மேல் ஒருவரை மோதினான். மூன்றாவது ஆள் ஸ்பேனரால் அவன் முதுகில் ஒன்று வைத்தான்.

"அக்கா, எங்க இருந்தீங்க? சொல்லுங்க!" கூட்டத்துக்கு மேலாகக் கத்தினாள் மேடம்.

"சலூன்ல!" அக்கா தரையிலிருந்து கதறினாள். "தண்ணி குடிக்கப் பக்கத்துச் சலூனுக்குப் போனேன். உள்ள ஃபேன் ஓடிட்டிருந்துச்சு. அதுக்கு அடியில உட்கார்ந்தேன். சத்தம் கேட்டுத்தான் ஓடி வந்தேன்!"

 கூடமே சிரித்தது. அது நல்ல சிரிப்பு இல்லை.

"தெரு முழுக்கக் கரண்ட் இல்ல. இவளுக்கு மட்டும் ஃபேன் ஓடிச்சாம்!"

"பொய் சொல்றதையாவது ஒழுங்காச் சொல்லுடீ!"

மேடம் மட்டும் சிரிக்கவில்லை. நெட்டையின் கையைப் பிடித்து இழுத்தாள். "ஓடு. சலூன்காரர் சொல்றதைக் கேக்காத, அவரையே கூட்டிட்டு வா. அதுவரைக்கும் இவங்களை நான் பாத்துக்கறேன்."

"நீங்க தனியாவா?"

"பாய்லரையே பாத்துக்கிட்டவ. ஓடு!"

நெட்டை ஓடினான். கேட்டுக்கு வெளியே இடது பக்கம் நாற்பது அடி. ஒற்றை அறைச் சலூன். நாற்காலியில் ஒரு வாடிக்கையாளர், பாதி மீசையோடு உட்கார்ந்திருந்தார். மேலே ஃபேன் சுற்றியது. மூலையில் ரேடியோ ஏதோ பாடியது.

"அண்ணே, பதினோரு மணிக்கு இங்க கரண்ட் இருந்துச்சா?"

"ஏன் இல்லாம? மிஷின்ல தலை வெட்டிட்டிருந்தேன். ஒண்ணாம் நம்பர் அக்கா தண்ணி கேட்டு உள்ள வந்தாங்க. அப்பதான் ரேடியோவுல பதினோரு மணிச் செய்தி ஆரம்பிச்சுது. ஃபேனுக்குக் கீழ உட்கார்ந்துச்சு, பாவம். அந்தச் சத்தம் கேட்டதும்தான் எழுந்து ஓடுச்சு."

"இன்வெர்ட்டர் வெச்சிருக்கீங்களா?"

சலூன்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "கடையில இருக்கறது மொத்தம் ரெண்டு பிளக்கு. அதுல ஒண்ணு வேலை செய்யாது. இன்வெர்ட்டராம்."

"கத்தியைக் கீழ வெச்சுட்டு வாங்க. ஒரு உயிர் போகுது."

"மீதி மீசை?" என்றார் நாற்காலியில் இருந்தவர்.

"அழகாத்தான் இருக்கு. அப்படியே விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுச் சலூன்காரரைக் கைப்பிடியாக இழுத்துக்கொண்டு ஓடினான் நெட்டை.

திரும்பி வந்தபோது பாய்லர் மேடத்தின் கண்ணாடியில் ஒரு பக்கம் இல்லை. கீழுதடு கிழிந்திருந்தது. அக்காவைத் தரையில் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, ஒரு தகரப் பலகையை இரண்டு கையாலும் கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டு நின்றாள். பலகையில் ஏழெட்டுப் பள்ளங்கள். மாப்பிள்ளை ஒரு ஓரமாக நின்று, "வேணாம்ப்பா, வேணாம்" என்று அதே மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

சலூன்காரர் நடந்ததை நடந்தபடி சொன்னார். மிஷின், ஃபேன், ரேடியோ, செய்தி. கூட்டத்தின் கைகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன.

"ஆக, தெருவுல கரண்ட் போகவே இல்ல" என்றாள் மேடம், உதட்டைத் துடைத்துக்கொண்டே. "இந்தக் கட்டடத்துல மட்டும் போயிருக்கு. பத்து நிமிஷம் கழிச்சுத் தானா வந்திருக்கு. யாரோ மெயின் சுவிட்சை இறக்கியிருக்காங்க. கரண்ட் போனா நீங்க எல்லாரும் வெளிய போவீங்க, ஃபோர்மேன் மட்டும் குனிவாரு. அது தெரிஞ்ச ஆளு." அவள் திரும்பினாள். "மாப்பிள்ளை, நீங்க கரண்ட் ஆபீஸ்ல யார்கிட்ட பேசினீங்க? தெரு முழுக்கக் கட்டுன்னு சொன்னவரு. அந்த நம்பரைக் குடுங்க, நானும் பேசறேன்."

மாப்பிள்ளை சட்டைப்பையைத் தடவினார். "போன் ஆபீஸ்ல..."

"பரவாயில்ல. மெயின் சுவிட்ச் ரூம் சாவி யார்கிட்ட இருக்கும்?"

 எல்லாரும் அவர் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தைப் பார்த்தார்கள். கூடத்தின் மூலையில், ஒன்றாம் நம்பர் பிரஸ்ஸிலிருந்து ஆறடி தள்ளி, மெயின் சுவிட்ச் ரூமின் கதவு இருந்தது.

அடுத்தது கண்மூடித் திறப்பதற்குள் நடந்தது. மாப்பிள்ளை பாய்ந்தார். அந்த மெல்லிய குரலுக்குள் அப்படி ஒரு வேகம் இருந்தது யாருக்கும் தெரியாது. தரையில் கிடந்த அக்காவைத் தலைமுடியோடு தூக்கி, ரெண்டாம் நம்பர் பிரஸ்ஸுக்கு முன்னால் இழுத்து, ஐந்து விரலும் மிச்சமிருந்த இடது கையை மணிக்கட்டோடு அச்சுக்கு அடியில் திணித்தார். அவர் கால் பெடல்மேல் இருந்தது.

"ஒரு அடி எடுத்து வெச்சீங்க, மிதிச்சிடுவேன்! கேட்டைத் திறங்க! காரை எடுத்து வெளிய நிறுத்துங்க!"

அக்கா அலறவில்லை. அவளுக்கு அந்த அச்சு தெரியும். கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள்.

நெட்டை முன்னே வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். பக்கத்தில் மேடம் மிக நிதானமாகச் சொன்னாள். "மிதிங்க மாப்பிள்ளை."

"மேடம்!" நெட்டை பதறினான்.

"மிதிங்கன்னேன்."

மாப்பிள்ளையின் முகம் விகாரமானது. மிதித்தார்.

டக்.

பெடல் தரையைத் தொட்ட சத்தம் மட்டும் கேட்டது. மறுபடி மிதித்தார். டக். டக். அச்சு அசையவில்லை. கூட்டத்திலிருந்து கண்ணை எடுக்க பயந்தவர், பின்னால் மேலே நின்றிருந்த சக்கரத்தைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அதில் இருந்த கடைசி அடி, பத்து மூடிகளை நசுக்குவதில் தீர்ந்துபோயிருந்தது.

நாலாவது முறை மிதிக்க அவருக்குக் கால் கிடைக்கவில்லை. நெட்டை அந்த நேரத்துக்குள் பன்னிரண்டடி தாண்டியிருந்தான். மாப்பிள்ளை பக்கத்திலிருந்த இரும்பு நெம்புகோலை எடுத்து வீசினார். அது நெட்டையின் விலாவில் இறங்கியது. உள்ளே ஏதோ முறிவது அவன் காதுக்கே கேட்டது. அவன் நிற்கவில்லை. வலது கையை முழுசாகப் பின்னால் இழுத்து ஒரே குத்து. மாப்பிள்ளையின் மூக்கு உடைந்து சட்டை முழுக்க ரத்தம் சிதறியது. மடிப்பு அப்போதுதான் கலைந்தது.

"ஏன்?" பெல்ட்காரன் கேட்டான். அவன் குரல் அழுகையாக இருந்தது. "ஃபோர்மேன் உங்களுக்கு என்ன செஞ்சாரு?"

பதில் வாசல் பக்கமிருந்து வந்தது. ஜெனரேட்டர்காரர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பல் போன வாயிலிருந்து காற்றும் வார்த்தையும் கலந்து வந்தன.

"நாளைக்கு விசாரணை. அக்கா கை போனதுக்கு. தடுப்பைக் கழட்டச் சொன்னது மாப்பிள்ளைதான்னு ஃபோர்மேன் சொல்லப் போறதா இருந்தாரு. மாப்பிள்ளை அப்படிச் சொல்லும்போது நான் பக்கத்துல இருந்தேன். நானும் சாட்சிக்கு வரேன்னேன்." அவர் மூச்சு வாங்கினார். "நேத்து ஃபோர்மேன் அந்த ரெண்டையும் மாப்பிள்ளைகிட்டயே சொல்லிட்டாரு. ஒளிச்சுச் செய்ய அவருக்குத் தெரியாது."

ஒருத்தர் அச்சுக்கு, இன்னொருத்தர் கூட்டத்துக்கு. இரண்டு சாட்சிகளுக்கும் ஒரே காலைப்பொழுதில் வழி செய்திருந்தார் மாப்பிள்ளை. 'ஜெனரேட்டரைப் போட்டுட்டான்டா' என்று பின்னாலிருந்து முதலில் கத்தியது யார் என்று அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

ஒன்றாம் நம்பர் அக்கா எழுந்தாள். நொண்டிக்கொண்டே தார்ப்பாய்ப் பக்கம் போனாள். ஆறு மாசமாகத் துப்பிய மனிதரின் காலடியில் உட்கார்ந்தாள். கழன்று கிடந்த செருப்பைத் தேடி எடுத்து, இரண்டே விரல்களால் அந்தப் பாதத்தில் மாட்டப் பார்த்தாள். அது சேரவில்லை. மறுபடி மறுபடி முயன்றுகொண்டே இருந்தாள்.

கூட்டம் உறுமியது. மூன்றாவது முறையாக. யாரோ அதே நைலான் கயிற்றை எடுத்து வந்தார்கள். மாப்பிள்ளையைப் பிரஸ்ஸின் காலோடு கட்டினார்கள். ஒருவன் கூரைமேல் ஏறி அந்தக் குழாய்த் துண்டையே எடுத்து வந்திருந்தான். பெல்ட்காரன் அதை வாங்கி ஜெனரேட்டர்காரரின் மனைவியிடம் நீட்டினான்.

"முதல் அடி உங்களோடதுக்கா. நீங்க அடிங்க. மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்."

அவள் வாங்கினாள். கனம் பார்ப்பது போல் கையில் தூக்கிப் பிடித்தாள். குழாயின் ஒரு முனையில் அவள் புருஷனின் ரத்தம் காய்ந்திருந்தது. மாப்பிள்ளை, "வேணாம்மா... வேணாம்மா..." என்று முனகினார்.

நெட்டை விலாவைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தான். மேடம் அவனைத் தடுத்தாள். அவளுக்கும் அந்தப் பெண் என்ன செய்வாள் என்று தெரியவில்லை. ஆனால் குறுக்கே போகும் உரிமை தங்களுக்கு இல்லை என்று அவள் நினைத்தாள்.

மனைவி குழாயை ஜன்னல் வழியாக வெளியே எறிந்தாள்.

"என் வீட்டுக்காரர் மேல பட்ட கை எதெல்லாம்?" என்றாள்.

கைகள் ஒவ்வொன்றாக முதுகுக்குப் பின்னால் போயின.

"கேக்கறேன்ல. ஒரு மணி நேரம் முன்னாடி எல்லாக் கையும் முன்னாடி வந்துச்சே. இப்ப எங்க போச்சு?"

பெல்ட்காரன் முதலில் வந்தான். தலை நிமிரவில்லை. பிறகு குழாய்க்காரன். பிறகு ஒவ்வொருவராக, மொத்தம் ஒன்பது பேர்.

"ஆஸ்பத்திரி ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கு. வண்டி வேண்டாம். அடிச்ச கையாலேயே தூக்குங்க. தெருவுல எல்லாரும் பாக்கட்டும், இவர் கொலைகாரர் இல்லன்னு. யாராவது கேட்டா வாயைத் திறந்து சொல்லுங்க, யாரு அடிச்சதுன்னு."

மூடி அடுக்கும் நீளப் பலகையைக் கொண்டு வந்தார்கள். அதில் ஈரம் காயாத அந்த நீலச் சட்டையை மடித்துத் தலைக்கு வைத்து, அவரைப் படுக்க வைத்தாள் மனைவி. ஒன்பது பேர் குனிந்து தூக்கினார்கள். கேட்டில் போலீஸ் ஜீப் அப்போதுதான் வந்து நின்றது. இறங்கிய இன்ஸ்பெக்டர் என்ன ஏது என்று கேட்க வாயெடுத்தார். அந்த முகங்களைப் பார்த்துவிட்டு ஜீப்பைப் பின்னால் எடுக்கச் சொன்னார்.

தெருவில் ஆட்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். "யாரு? என்னாச்சு?" என்று ஒரு கடைக்காரர் கேட்டார்.

"நாங்கதான் அடிச்சோம்" என்றான் பெல்ட்காரன். "இவர் மேல தப்பில்ல."

நாலடி தூரத்தில் இன்னொருவர் கேட்டார். மறுபடி சொன்னான். ஒவ்வொரு முறையும் குரல் உடைந்தது. தலைப்பக்கம் அவன் பிடித்திருந்த மூலை மெல்லத் தாழ ஆரம்பித்தது.

ஜெனரேட்டர்காரர் வீங்கிய ஒரு கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தார்.

"உன் பக்கம் இறங்குது தம்பி" என்றார். "கொஞ்சம் தூக்கிப் பிடி."

பெல்ட்காரன் தூக்கிப் பிடித்தான்.